தண்ணீர்கூட இல்லாத பெட்டி

ஆறாவது முறை கணினியில் ஓட்டிப் பார்த்தபோதும் மூடி தானாகத் திறந்துகொண்டது. ததேயாவுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

நவம்பர் முதல் தேதி, இறந்தோரை நினைக்கும் நாள். லியூப்லியானா நகரமே மெழுகுவத்தியும் சாமந்தியுமாகக் கல்லறைகளுக்குப் போயிருந்தது. ஆய்வுக்கூடத்தில் அவள் ஒருத்திதான். பகல் மூன்று மணிக்கே மூடுபனி ஜன்னலை அடைத்திருக்க, தாழ்வாரத்துக் குளிர்பெட்டி விட்டுவிட்டு முனக, ஆறிய காப்பியின் கசப்பு வாசனை கணினியின் சூட்டில் அறையெங்கும் ஏறிக்கொண்டிருந்தது. திரையில் அவளுடைய மூன்று வருட உழைப்பு: டி.என்.ஏ. இழைகள் தாமாகவே மடிந்து உருவாகும், கண்ணுக்கே தெரியாத ஒரு பெட்டி. புற்றுக்கட்டியைத் தொட்ட பிறகே அதன் இரண்டு பூட்டும் விட்டு, உள்ளிருக்கும் விஷ மருந்து கொட்ட வேண்டும். வழியிலேயே திறந்தால் நோயாளி பிழைக்கமாட்டார். நாளைக் காலைக்குள் மூடி நிற்காவிட்டால் திட்டத்துக்கே மூடுவிழா.

பக்கத்து மேசைக்காரன் கோராஸ்த், கல்லறைத் தோட்டத்திலிருந்து போனில் பேசினான்.

"முன்னாடி மூடியிருந்த ஓட்டத்தை மட்டும் அனுப்பிட்டுக் கிளம்பு. யாரு கேக்கப் போறா?"

"பொய் சொல்லச் சொல்றியா? உள்ளேருந்து எதுவோ தள்ளுதுடா."

"எது தள்ளும்? கணக்குல நாம மருந்தைச் சேக்கலை, தண்ணியைக்கூடச் சேக்கலை. இழையைத் தவிர அங்க ஒண்ணுமே கிடையாது."

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

பூட்டை நான்காக்கினாள். எட்டாக்கினாள். மூடி மெல்ல உப்பி நின்றது; பிறகு எட்டுப் பூட்டும் ஒரு மூலையிலிருந்து வரிசையாக, நிதானமாக, ஒவ்வொன்றாக விட்டன. தற்செயலான அசைவு இப்படி வரிசை பார்க்காது.

திறக்கத்தானே வேண்டும், திற என்று எல்லாப் பூட்டுகளையும் அழித்தாள். பிடிமானமில்லாத மூடி இனித் தாழில்லாக் கதவாக ஆட வேண்டும்.

ஆடவில்லை. இறுக மூடியிருந்தது. உள்ளேயிருந்து யாரோ இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

குளிர்பெட்டியின் முனகல் எப்போது நின்றதென்று தெரியவில்லை. கோட்டு கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. ஓடிவிடலாம். ததேயா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இது என் பெட்டி. யாரா இருந்தாலும் வெளிய வா."

மூடியையே அழித்தாள். ஓட்டினாள்.

திறந்த வாய். உள்ளே இருட்டு. ஒரு நிமிடம் ஒன்றுமில்லை.

பிறகு விளிம்பு வெளிப்பக்கமாக அழுந்தியது. அடுத்தடுத்து நான்கு இடத்தில். எதிர் விளிம்பிலும் நான்கு. கிணற்றிலிருந்து ஏறுகிறவனின் விரல்கள் ஈர மண்ணில் பதிவதுபோல.

விரல்கள் தெரியவில்லை. விளிம்பு மட்டும் தாழ்ந்துகொண்டே வந்தது, ஒரு முழு ஆளின் எடைக்கு.