நேற்றைய வெப்பம்

அந்த வெப்பமானிக்கு ஒரு பழக்கம் உண்டு. பொத்தானை அழுத்தியதும் உடனே அளக்கத் தொடங்காது. கடைசியாக அளந்த எண்ணை இரண்டு விநாடிகள் காட்டிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்க்கும். விடிகாலை ஐந்தரை மணிக்கு, கால் தரையில் படுமுன், ஒரு சொல்லும் பேசுமுன், அதை நாக்கின் அடியில் வைத்துக்கொள்வதை அவள் ஏழு மாதங்களாக ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஆகவே முந்தைய நாளின் எண் எப்போதும் அவளுக்கு மனப்பாடம். நேற்று 97.4.

இன்று திரையில் எண்ணே இல்லை. 'லோ' என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் நின்று, சிமிட்டி, அணைந்தன.

அளந்து முடித்த பிறகு கேட்டாள். "ஏங்க, நேத்து இதை நீங்க எடுத்தீங்களா?"

கணவன் தலையணைக்குள் முகத்தைப் புதைத்திருந்தான். மின்தூக்கி பழுதுபார்க்க நாள் முழுவதும் பிறர் வீட்டு மாடிகளுக்கு ஏறி இறங்குபவனுக்கு விடிகாலைத் தூக்கம் ஒரு சொத்து. "பேட்டரி போயிடுச்சு போல," என்றான்.

பேட்டரி போகவில்லை. அவள் அளந்தபோது 97.3 என்று ஒழுங்காகவே காட்டியிருந்தது. அட்டைப்பெட்டியில் கிடந்த குறிப்புத்தாளை எடுத்துப் படித்தாள். வெப்பம் தொண்ணூறுக்குக் கீழே இருந்தால் எண்ணுக்குப் பதிலாக அந்த எழுத்துகள் தோன்றும் என்று அதில் அச்சிட்டிருந்தது. உயிருள்ள வாய் எதுவும் அவ்வளவு கீழே போகாது. அப்படியானால் யாரோ அதை எடுத்து, வெறுங்காற்றில் நீட்டி விளையாடியிருக்க வேண்டும்.

யார் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. கூடத்துச் சோபாவில் நாத்தனார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

கணவனின் அக்கா தன் வீட்டுக்கூரையைப் பிரித்துப் போட்டிருப்பதாகச் சொல்லி, ஒரு பெட்டியோடு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வந்த மூன்றாம் நாளே குளியலறை அலமாரியில் இருந்த நோட்டுப்புத்தகத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். கருமுட்டை வெளிப்படும் நாளை முன்கூட்டியே சொல்லும் சோதனைப் பட்டைகளை, நாளுக்கு ஒன்றாகத் தேதியிட்டு, அவள் ஒட்டிவைக்கும் நோட்டு அது. ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு கோடுகள். ஒன்று எப்போதும் அடர்த்தியாக இருக்கும். மற்றது நாளுக்கு நாள் கறுத்து, முதல் கோட்டுக்கு ஈடாகிவிட்டால், அந்த நாள் வந்துவிட்டது என்று பொருள்.

"அடேயப்பா, இவ்வளவு பரீட்சை எழுதியிருந்தா என் தம்பி இந்நேரம் டாக்டராகியிருப்பான்!" என்று சொல்லி நாத்தனார் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. திருமணமாகி ஒன்பது ஆண்டுகள். முப்பத்தெட்டு வயது. இயல்பாகக் கருத்தரிக்க இந்த மாதம்தான் கடைசி முயற்சி என்று மருத்துவர் வரையறுத்துவிட்டார். அதற்குப் பின் செய்ய வேண்டியவற்றுக்கு அவர்களிடம் வசதியும் இல்லை, அவளிடம் தெம்பும் இல்லை. இந்த நேரத்தில் ஒருத்தி வெப்பமானியை எடுத்து விளையாடுவதா?

மறுநாள் விடிகாலை, கடைசி எண் 90.2 என்று காட்டியது. அதற்கு மறுநாள் 91.5.

அவள் வெப்பமானியைத் தலையணை உறைக்குள் செருகி, அதன்மேல் கன்னத்தை வைத்துப் படுத்தாள். விடிந்தது. 92.9.

அவளுடைய எண்ணோ இறங்கிக்கொண்டிருந்தது. 97.1. 96.8. 96.5. முட்டை வெளிப்படுமுன் உடல் வெப்பம் சற்று இறங்கும், பிறகு ஏறும் என்று படித்திருந்ததால், அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டாள்.

சாயப்பட்டறையில் நிறம் பார்ப்பது அவள் வேலை. காலை ஏழு மணிக்குத் தொடங்கி மூன்று மணி வரை, கொதிக்கும் சாயத்தின் புளித்த ஆவியும் ஈரத்துணியின் கனத்த வாடையும் மேலே படிய, வெள்ளை விளக்கின் கீழ் அமர்ந்து, வாங்குபவர் அனுப்பிய மாதிரித் துணியோடு பட்டறைத் துணியை ஒப்பிடுவாள். மற்றவர்களுக்கு ஒரே நீலமாகத் தெரிவது அவளுக்கு ஆறு நீலம். துணித்துண்டை அட்டையில் ஒட்டும்போது, பிறகு உரித்தெடுக்க வசதியாக, ஒட்டுநாடாவின் நுனியை மட்டும் சிறிது மடித்துவிடுவாள். அந்த வழக்கம் வீட்டு நோட்டுக்கும் வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு அன்றைய பட்டையைப் பார்த்தாள். இரண்டாம் கோடு முந்தைய நாளைவிட வெளுத்திருந்தது. அவள் கண் தவறாது. நோட்டை எடுத்தபோது அது கை நழுவி ஈரத்தரையில் கவிழ்ந்தது. தூக்கியபோது கடைசிப் பக்கம் விரிந்திருந்தது.

அங்கே நான்கு பட்டைகள் இருந்தன. முதலாவதில் ஒற்றைக்கோடு மட்டும். இரண்டாவதில் மூச்சுப் பட்டதுபோல் ஒரு நிழல். மூன்றாவதில் இளஞ்சிவப்பு. நான்காவதில், அவள் ஏழு மாதங்களாக எந்தப் பட்டையிலும் கண்டிராத அடர்சிவப்பு. ஒவ்வொன்றின் கீழும் 'காலை 5.10' என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு நாடாவின் நுனியும் சிறிது மடிந்திருந்தது.

அந்த மடிப்பை அவள் கண் கண்டது. ஆனால் அதற்குள் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அண்ணி, என் பெட்டியில இருந்து ஸ்ட்ரிப் எடுத்தீங்களா?"

துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்தாள். "நானா? எனக்கு அதெல்லாம் நின்னே மூணு வருஷமாச்சு. அதை வச்சு நான் என்ன பண்றது, பல்லு குத்தவா?"

"பின்ன யாரு? காலையில அஞ்சு பத்துக்கு யாரு எடுத்தது?"

"இது நல்லா இருக்கே! அந்த நேரத்துல தினம் பாத்ரூமைப் பூட்டிக்கிறது நீ. அவசரமா போய்க் கதவைத் தட்டினா, 'கொஞ்சம் பொறுங்க அண்ணி, இன்னும் ஆகல'ன்னு சொல்ற. இப்ப என்னைக் கேக்கறியா?"

"நான் அஞ்சரைக்குத்தான் கண்ணே முழிப்பேன்."

"அப்ப அங்க இருந்தது யாரு, உன் தங்கச்சியா?"

அவளுக்குத் தங்கை கிடையாது.

அன்றிரவு கணவனிடம் முறையிட்டபோது அவன் பேச்சைப் பாதி கேட்டு, அவள் கையைப் பிடித்து, உடனே விட்டுவிட்டான். "என்ன இவ்வளவு சில்லுனு இருக்கு? காலையில நல்லா இருந்துச்சே. போன வாரம்தான் காலையில பக்கத்துல வந்து படுத்தா ஐஸ் மாதிரி இருந்த. இப்பதான் ரெண்டு நாளா சூடு வந்திருக்குன்னு நினைச்சேன்."

"காலையில நான் எழுந்திரிச்சுப் போயிட்டு வந்து படுக்கறேனா?"

"தூக்கக் கலக்கத்துல உனக்கு ஞாபகம் இருக்காது. இந்த மாசம் நடந்துடும் பாரு. மனசுல படுது."

அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்கிறார்கள். பைத்தியம் என்று பட்டம் கட்டி அனுப்பிவிட்டு, வேறொருத்தியைக் கொண்டுவர ஏற்பாடு நடக்கிறதா? மறுநாள் மீதமிருந்த பட்டைகளின் முதுகில் பென்சிலால் மிளகளவுகூட இல்லாத புள்ளி வைத்து, பட்டறையில் தன் இழுப்பறையில் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கடைசிப் பக்கத்தில் புதிய பட்டை. இரண்டு கோடுகளும் ஒரே சிவப்பு. நகத்தால் உரித்துத் திருப்பினாள்.

பென்சில் புள்ளி.

சாவி கழுத்தில்தான் கிடந்தது. தோலின்மேல் அது குளிரவில்லை. இரும்பும் தோலும் ஒரே வெப்பத்தில் இருந்தன.

அதன்பின் இரண்டு வாரங்கள் அவள் பட்டையைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. வேறு எதைக் கேட்டாலும் அவர்கள் பதில் சொல்வது குறைந்துகொண்டே வந்தது. நாத்தனார் அவளைப் பார்த்துப் பேசும்போது பார்வை சற்றுத் தள்ளி, தோளுக்குப் பின்னால் நின்றது. பட்டறையின் வெள்ளை விளக்கின் கீழ் ஆறு நீலமும் ஒரே நீலமாயின. வெப்பமானியின் கடைசி எண் 97.9 ஆயிற்று, 98.2 ஆயிற்று, கருத்தரித்த உடல் நிற்க வேண்டிய உயரத்தில் ஏறி நின்றது. அவளுடைய எண் 94. பிறகு 92.6. பிறகு 90.8.

பதினைந்தாம் நாள் விடிகாலை அவள் கண்களை மூடாமல் கிடந்தாள். இன்று கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

ஐந்து மணி. பக்கத்தில் கணவனின் சீரான மூச்சு. கூடத்திலிருந்து நாத்தனாரின் குறட்டை. இருவரும் இருந்த இடத்தில்தான் இருந்தார்கள்.

ஐந்து பத்து.

குளியலறைக் கதவின் அடியில் வெளிச்சக்கோடு விழுந்தது.

தாழ் விழும் ஓசை. பளபளப்பு உறையைக் கிழிக்கும் சரசரப்பு. ஈரத்துணியின் வாடை, சாயத்தின் புளிப்பு, மெல்ல அறைக்குள் பரவின. அவள் வாடை.

குறட்டை நிற்கவில்லை. மூச்சும் நிற்கவில்லை.

எழ முயன்றாள். கை வரவில்லை. கால் வரவில்லை.

மூன்று நிமிடம். நான்கு.

உள்ளே யாரோ சிரித்தார்கள். ஒன்பது ஆண்டுகளாக அவள் சேர்த்துவைத்திருந்த சிரிப்பு அது.

"ஏங்க! சீக்கிரம் வாங்க! கர்ப்ப டெஸ்ட்டுல ரெண்டு கோடு!"

கணவன் துள்ளி எழுந்தான். அவன் முழங்கை அவள் மார்பின்மேல் ஊன்றியது. அவன் கவனிக்கவில்லை. ஓடினான். கூடத்தில் சோபா கிறீச்சிட்டது. "என் தங்கமே! என் ராசாத்தி!" நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தாள். "நான் சும்மா கிண்டல் பண்ணினதை எல்லாம் மனசுல வச்சுக்காதம்மா."

"விடுங்க அண்ணி. அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்."

அவள் குரல். அவள் மறக்கவில்லை.

விரல்கள் ஒவ்வொன்றாக அசைந்தன. தலையணை உறைக்குள் தேடின. பொத்தான்.

98.6.

நாக்கின் அடியில் வைத்தாள். உதடுகளை மூடினாள். வழக்கமாக ஒரு நிமிடம் ஆகும். ஆயிற்று. இன்னொரு நிமிடமும் ஆயிற்று. வெளியே யாரோ யாருக்கோ தொலைபேசியில் நற்செய்தி சொன்னார்கள்.

நான்கு சிறு ஒலிகள்.

கையை உயர்த்தி அதை எடுக்க அவளால் முடியவில்லை. எடுத்தது வேறொரு கை. சூடான கை. உதடுகளுக்கு நடுவிலிருந்து, மேசைமேல் இருக்கும் குவளையிலிருந்து பேனாவை எடுப்பதுபோல உருவியெடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தது.

'லோ'.

"ஏங்க," என்று அந்தப் பெண் கூடத்தை நோக்கிக் குரல் கொடுத்தாள். "இதுல பேட்டரி போயிடுச்சு போல."

பிறகு படுக்கையைச் சீர்செய்தாள். விரிப்பை உதறி, கால்மாட்டிலிருந்து மேலே இழுத்து, முகத்தைத் தாண்டி, தலைமாடு வரை கொண்டுபோனாள். உள்ளங்கையால் அழுத்தி நீவினாள். நெற்றி. மூக்கு. வாய். ஒரு சுருக்கமும் இல்லாமல் மெத்தை சமமாயிற்று.

நான்கு பக்கமும் இறுகச் செருகினாள். ஒரு நுனியை மட்டும் சிறிது மடித்துவிட்டாள்.