அப்பாவின் நாலு நாள் இங்கிலீஷ்

“அபேகஸ்னா மணிச்சட்டம். அபாட்டுன்னா மடத்துத் தலைவர். அப்டோமன்னா வயிறு.”

தறியில் உட்கார்ந்தபடி அப்பா துரைக்கண்ணு ஒப்பித்துக்கொண்டிருந்தார். அவர் மடியில் தடிமனான ஆங்கில அகராதி கிடந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்த ஏலவார்குழலி கேட்டாள். “தண்ணிக்கு இங்கிலீஷ்ல என்னப்பா?”

“அது டபிள்யூவுல வரும்மா. நான் இன்னும் ‘ஏ’யையே தாண்டல.”

லண்டனுக்குக் கப்பலும் ஓடிய காலம் அது. லண்டனில் ஒரு கைத்தறிக் கண்காட்சி. அங்கே மூன்று மாதம் தறி போட்டு நெய்து காட்ட, காஞ்சிபுரத்திலிருந்து ஒருவரை அனுப்பப் போகிறார்கள். நெசவாளர் சங்கத்தில் அப்பாவின் பெயரைத்தான் முதலில் சொன்னார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை ஒரு வெள்ளைக்காரம்மா இவர்கள் குடியிருக்கும் பிள்ளையார்பாளையத்துக்கு நேரில் வருகிறார். தறியைப் பற்றி அவருக்கு இங்கிலீஷில் நாலு வார்த்தை சொல்லத் தெரிந்தால்தான் லண்டன். இல்லாவிட்டால் வேறு ஆள்.

இன்று திங்கள்கிழமை.

அப்பா அகராதியைப் பட்டென்று மூடினார். “நான் வரலைன்னு சொல்லிடப் போறேன்.”

“அதான் சரி. நாப்பது வயசுக்கு மேல நாக்கு எங்க வளையும்?” என்றாள் அம்மா செல்லியம்மாள், அடுப்படியிலிருந்து.

“உங்களுக்குப் போக ஆசையா இல்லையாப்பா?”

அப்பா ஜரிகைக் கரையை மெல்லத் தடவினார். “இருக்குதும்மா. நாம நெய்த புடவையைக் கட்டிக்கினு போறவங்களைப் பாத்திருக்கேன். நெய்யறதை நின்னு பாக்கறவங்களை ஒருநாளாவது பாக்கணும்.”

“அப்புறம் ஏன் வேணாங்கறீங்க?”

“பாவு நூலை முழுசா தறியில ஏத்தாம நெய்ய முடியுமா? ஒரு இழை அறுந்தாலும் புடவையில தெரிஞ்சுடும். பாஷையும் அப்படித்தான். எல்லா வார்த்தையையும் தலையில ஏத்தின பிறகுதான் வாயைத் திறக்கணும்.”

குழலிக்கும் அது சரியென்றுதான் பட்டது. பள்ளியில் இங்கிலீஷ் வகுப்பில் அவளும் வாயைத் திறப்பதில்லை.

அப்போது அடுத்த வீட்டுக் காசிநாதன் மாமா வாசலில் நின்று குரல் கொடுத்தார். அவர்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள்.

“துரைக்கண்ணு, கத்தெர உந்தா?”

“உந்தி, உந்தி. லோபலிக்கி ரண்டி,” என்று அப்பா தலை நிமிராமலே தெலுங்கில் உள்ளே கூப்பிட்டு, கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார்.

குழலியின் கை நாடாவிலேயே நின்றுவிட்டது.

“அப்பா, நம்ம வீட்டுல தெலுங்கு அகராதி எங்க இருக்குது?”

“அது எதுக்கு? தெலுங்கு எனக்குத் தானா வந்துது.”

“தானாவா?” காசிநாதன் மாமா பெரிதாகச் சிரித்தார். “எங்க வீட்டுக்கு நெசவு கத்துக்க வந்தப்போ இவனுக்கு இருபது வயசு. தெரிஞ்சது ஒரே வார்த்தை, ‘லேது’. இல்லைன்னு அர்த்தம். பசிச்சா வயித்தைத் தட்டிக்கினு ‘லேது, லேது’ம்பான். எங்கம்மாவுக்குச் சிரிப்பு தாங்காது.”

“சிரிச்சாங்க, சரி. சோறு போட்டாங்களா மாமா?”

“போடாம? ரெண்டு தட்டு!”

குழலி அப்பா பக்கம் திரும்பினாள். “பாவே ஏத்தாம நெய்துட்டீங்களேப்பா!”

அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு அகராதியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார்.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் குழலி தறி முன்னால் வந்து நிமிர்ந்து நின்றாள்.

“இன்னிலேர்ந்து நான்தான் வெள்ளைக்காரம்மா. தமிழ்ல பேசினா எனக்குக் காது கேக்காது. வாட் இஸ் திஸ்?”

“வார்த்தை தெரியலன்னா என்னம்மா பண்றது?”

வெள்ளைக்காரம்மாவுக்குக் காது கேட்கவில்லை. தன் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். அப்பா சிரித்துவிட்டார்.

“ஐ... இஸ்... துரைக்கண்ணு,” என்று ஆரம்பித்தார்.

அது தப்பு என்று குழலிக்குத் தெரியும். சிரிப்பும் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். தப்பாக இருந்தால் என்ன, அவர் யார் என்பது புரிந்துவிட்டதே! “குட்!” என்றாள்.

புத்தகத்தில் படித்த நாற்பது வார்த்தைகள் அவளிடம் இருந்தன. அவற்றை எடுத்து அப்பாவோடு பேசப் பேச, அவளுக்கே பயம் விட்டுப் போனது. வியாழக்கிழமை மாலை அடுப்படியிலிருந்தும் ஒரு குரல் வந்தது. “காபி! கம்!”

வெள்ளிக்கிழமை மாலை. சங்கத்து அதிகாரியோடு அந்த அம்மாள் வந்து தறி அருகே நின்றார். அப்பா ஜரிகை இழையையே சரிசெய்துகொண்டிருந்தார். வாய் திறக்கவே இல்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

குழலி தன் இடத்தில் உட்கார்ந்து, எப்போதும்போல நாடாவைத் தள்ளினாள். பிறகு சத்தமாகக் கேட்டாள். “வாட் இஸ் திஸ்?”

“திஸ் ரெட்,” என்றார் அப்பா, பழக்கத்தில். “திஸ் கோல்டு.” மூச்சை இழுத்துவிட்டுக் குழலியையும் தன்னையும் காட்டினார். “டூ மேன் சிட். ஒன் மேன், நோ சாரி!” என்று தறியிலிருந்த புடவையைத் தொட்டுக் காட்டினார்.

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். ஒரு புடவைக்கு எத்தனை நாள் என்று கேட்டார்.

அப்பா பத்து விரலையும் விரித்தார். பிறகு ஐந்து. “நோ ஸ்லீப். வைஃப் ஆங்ரி!”

அந்த அம்மாள் கலகலவென்று சிரித்தார். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அதன்பிறகு அப்பாவை யாராலும் நிறுத்த முடியவில்லை. விரல், புருவம், தோள் எல்லாமே பேசின.

கிளம்பும்போது அந்த அம்மாள் வேகமாக ஏதோ கேட்டார்.

“யெஸ்!” என்றார் அப்பா கம்பீரமாக.

அந்த அம்மாள் மறுபடியும் சிரித்து, அப்பாவின் கையைக் குலுக்கினார். “உங்க பேரை எழுதிட்டேன், துரைக்கண்ணு,” என்றார் அதிகாரி.

கார் தெருமுனை திரும்பியதும் அப்பா அப்படியே தரையில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அம்மா விசிறிவிட்டாள்.

“குழலி, அவங்க கடைசியா என்ன கேட்டாங்க?”

“கப்பல்ல வர்றீங்களா, விமானத்துல வர்றீங்களான்னு கேட்டாங்கப்பா.”

“நான் என்ன சொன்னேன்?”

“யெஸ்னு சொன்னீங்க.”

அப்பா முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

“எதுல போனா என்னம்மா? போறேன் இல்ல!”