நான்காவது விளம்பரம்

மூன்று விளம்பரங்கள்தான் போட்டிருந்தாள் ஜெயசீலி. நான்காவதிலிருந்து ஒருவர் வந்திருப்பதாகத் திரை காட்டியது.

அண்ணன் மனோகர் மாரிகுப்பத்தில் காலை ரயிலேறி வேலைக்குப் போய்த் திரும்பாமல் இன்றோடு பத்தொன்பது நாள். போலீஸில் எழுதிக்கொடுத்தாயிற்று. பெங்களூரில் விளம்பரக் கம்பெனியில் இருக்கும் தோழி ஐடாதான் இணையத்தில் ஒரு பக்கம் செய்துகொடுத்தாள்: அவன் படம், ‘இவரைப் பார்த்தீர்களா?’ என்ற கேள்வி, பதில் எழுத ஒரு கட்டம். கட்டண விளம்பரங்கள் ஜனங்களின் போனில் வரும். தொட்டால் இந்தப் பக்கம் திறக்கும். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஓர் எண். யார் எதைத் தொட்டு, எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதெல்லாம் லேப்டாப்பில் தெரிந்துவிடும்.

நான்காம் எண்ணில் வந்தவரின் இடம் கோரமண்டல். அவள் ஊரேதான். நாற்பது நிமிடமாக அந்த ஆள் பக்கத்தை விட்டுப் போகவில்லை.

அண்ணனாக இருக்குமோ?

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். பிற்பகல் காற்று, மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து மண்ணை வாரிவந்து தகரக் கூரையில் சரசரவென்று கொட்டிக்கொண்டேயிருக்க, சாத்திய ஜன்னலின் இடுக்கில் நுழைந்த தூசி மேஜையிலும் அவள் இமைகளிலும் படிந்து, வாயெல்லாம் துருப்பிடித்த இரும்பின் ருசியாக இருந்தது. பின்னால், சமையலறைப் பக்கம், ஏதோ மெல்ல நகர்ந்தது. பூனையாக இருக்கும்.

ஐடாவுக்குப் போன் போட்டாள்.

“நாலாவது நம்பர் நீ போட்டியாடி?”

“இல்லியே. இரு, பாக்குறேன்.” விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. “ஜெயா, இது உன் போன்லேர்ந்துதான் போட்டிருக்கு. மதியம் ரெண்டு மணிக்கு.”

“நான் தொடவேயில்லடி.”

“அப்போ இந்தப் போட்டோ?” ஐடாவின் குரல் தணிந்தது. “இது அண்ணன் போட்டோ இல்ல. நீ மேஜைல உக்காந்துனு இருக்கே. முதுகுப் பக்கமா எடுத்திருக்கு. ஊட்ல யார் இருக்காங்க?”

“யாரும் இல்ல.”

“வெளிய போ ஜெயா. இப்பவே...”

இணைப்பு அறுந்தது.

விளம்பரத்தைத் திறந்தாள். அவள் முதுகுதான். இன்று உடுத்திய அதே ஊதாச் சுடிதார். கீழே, ‘இவளைப் பார்த்தீர்களா?’

வாசல் கதவும் பின்னால்தான் இருந்தது. போக வேண்டுமென்றால் திரும்பித்தான் ஆக வேண்டும்.

பதில் கட்டத்தில் ஒரு சொல் வந்து விழுந்தது.

‘பார்த்தேன்.’

படம் மாறியது. இப்போது அவள் தோள்கள் மட்டும். மறுபடி மாறியது. பிடரி மயிர்.

கூரைச் சத்தம் நின்றுவிட்டது. கழுத்தில் ஈரக் கல்லின் குளிர்ச்சி.

“ஜெயா, இன்னா பண்ணினு இருக்கே?”

அண்ணன். அதே குரல். அதே இழுப்பு.

கண்ணில் நீர் முட்டியது. “அண்ணா” என்றாள். சத்தம் வரவில்லை.

படம் மீண்டும் மாறியது. அதில் அவள் திரும்பியிருந்தாள். முகம் அண்ணாந்திருந்தது. உதடுகள் சிரித்துக்கொண்டிருந்தன. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு குழிகள்.

ஜெயசீலி இன்னும் திரும்பவில்லை.

“இங்க பாரு ஜெயா.”

மேஜை விளிம்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கழுத்து மட்டும், அவளைக் கேளாமலே, திரும்பத் தொடங்கியது.