அரைப்பேர்

எழுபத்தொன்பதில் லிந்துலையில் பெய்த மழையில் தவளைகளுக்கே சளி பிடித்துவிட்டது. ஒன்று தும்மியதை மத்தியாஸ் தன் காதாலேயே கேட்டிருக்கிறான். அப்படிப்பட்ட மழையில்தான் அவள் வந்து நின்றாள்... கக்கத்தில் ஊன்றுகோல், இமையில் ஒரு துளி.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து டிஸ்பென்சரிக்கு ஏறும் சறுக்குப் பாதையில் கல்படி கட்டச் சிரமதானம். மாதா கோயில் இளைஞர் சங்கச் செயலாளர் மத்தியாஸ்தான் பேர் பதிந்தான்.

“ஜோசப்பின். கொட்டகலையில டீச்சர்.”

அந்தக் கண்களைப் பார்த்த பதற்றத்தில் கை பழைய பழக்கத்துக்கு ஓடியது. ஐந்து வருஷம் காலைப் பெரட்டில், வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போட்ட கை. கொழுந்து குறைந்தவர்களுக்கு அரைநாள் என்று போடுவதுபோல, அவளுக்கும் ‘அரைப்பேர்’ போட்டுவிட்டது.

“ஏங்க... இன்னும் ஒரு கல்லக்கூடத் தொடல. அதுக்குள்ள அரைப்பேரா?”

“இல்லைங்க... கால்... நீங்க தேத்தண்ணி ஊத்தினா போதும்னு...”

“ஊத்துவேன், உங்க தலையில!” கட்டிய முதல் படியைப் பார்த்தாள். “முழங்கால் உசரம்! இது நோயாளிக்கா, ஆட்டுக்கா?”

போய்விட்டாள். மன்னிப்பு தொண்டைவரை வந்தது; செயலாளர் பதவி அதை விழுங்கிவிட்டது.

அந்த வாரம் அவன் விட்ட பெருமூச்சில் லயத்து அடுப்புகள் மூன்று ஊதாமலே எரிந்தன. கடைசியில் கடிதம் போட்டான்: ‘தப்பு என்னுடையது. படியைப் பிரித்துவிட்டேன். நீங்கள் வந்து உயரம் சொல்லும்வரை வேலை நிற்கும்.’

ஞாயிறு. பத்து மணி பஸ் போயே போய்விட்டது. அவள் இறங்கவில்லை...

“செயலாளரே, கல்ல வைக்கவா, குந்தவா?” கல் நெம்பும் அலவாங்கோடு நின்ற வீரய்யா கேட்டான்.

வரமாட்டாளோ... கடிதம் கிடைக்கவில்லையோ... கிழித்திருப்பாளோ...

பதினொரு மணிக்கு வளைவில் ஊன்றுகோல் தட்டும் சத்தம்!

வந்தவள் அவனைப் பார்க்கவில்லை. சேற்றில் கோலை ஊன்றி, காலைத் தூக்கி, அது எட்டிய இடத்தில் கோடு கீறினாள். “இவ்வளவுதான் உசரம். கைபிடிக்கு மூங்கில் வேணும்.” சாக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு படியையும் கோலால் அளந்தாள். ஓரமாக நின்ற, கண் தெரியாத அழகனைக் கல் கைமாற்றும் வரிசையில் சேர்த்தாள். “கல்ல வாங்கிக் குடுக்கக் கைதானே அண்ணே வேணும்?”

பொழுது சாய்வதற்குள் இருபது படி.

மத்தியாஸ் பேர் பதிந்த கொப்பியை நீட்டினான். “உங்களுக்கு முழுப்பேருங்க.”

“உங்களுக்கு?”

“நாள் பூரா ரோட்டையும் உங்களையும்தான் பார்த்தேன்... எனக்கு அரைப்பேர்தான். மனசு உங்ககிட்ட போயிருச்சுங்க...”

அவன் நெஞ்சு தொழிற்சாலை இயந்திரமாய் இரைந்தது.

“நான் பத்து மணி பஸ்லயே வந்துட்டேன்,” என்றாள் மெல்ல. “வளைவுக்கு முன்னாடியே எறங்கி, நீங்க தவிக்கிறத ஒளிஞ்சு பார்த்தேன். இப்ப எனக்கும் அரைப்பேர் போடுங்க... காலுக்கு இல்ல. உங்களையே பார்த்துக்கிட்டு நின்ன அந்த ஒரு மணி நேரத்துக்கு.”

பேனாவில் மை இருந்தது. மத்தியாஸுக்குக் கைதான் ஓடவில்லை.