டாவுக்குக் கால் உண்டு

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் ஐயாதுரை வந்து நின்றபோது உச்சி வெயில். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்த புழுதி தலையில் அப்பியிருந்தது. அதற்கும் அடியில், ஜின்னிங் பாக்டரியில் பதினாறு வருஷமாய்ப் படிந்த பஞ்சுத் தூசி. காதில் இரைச்சல், மருந்து வேணும் என்று கம்பவுண்டர் அருளப்பனிடம் சொன்னான். அவர் விளக்கு வைத்துப் பார்த்தார். காது சுத்தமாகத்தான் இருந்தது.

"இரைச்சலா, பேச்சா?" என்று கேட்டார்.

பேச்சுதான் என்றான் ஐயாதுரை, தரையைப் பார்த்து.

அருளப்பன் மருந்து கலக்குகிற மேசையில் மனசைப் பற்றின இங்கிலீஷ் புஸ்தகம் ஒன்று எப்போதும் திறந்து கிடக்கும். சீக்காளியின் நாக்கைப் பார்ப்பதைவிட அவன் எதைச் சொல்லாமல் முழுங்குகிறான் என்றுதான் அதிகம் பார்ப்பார் என்று பேச்சு. அதைக் கேள்விப்பட்டுத்தான் இவன் ஏழு மைல் தாண்டி வந்திருந்தான்.

எதையாவது வாய்விட்டு வாசித்தால் பின்னால் ஒரு பெண்பிள்ளை எழுத்துக்கூட்டுகிறது என்றான். டு, டு என்று. சொல்லும்போதே அவனுக்கு வாடை வந்தது. சுக்கும் ஓமமும் பச்சை ரத்தமும் கலந்த பேறுகால வாடை.

அப்புறம் மிச்சத்தையும் சொன்னான். நாலு மாசமாக யாரிடமும் சொல்லாததை.

பாக்டரி ஆட்களுக்கு வரிசையாய்க் கட்டின லைன் வீட்டில் அவனுக்கு அடுத்த வீட்டுக்காரி ஏசம்மாள். புருஷன் இல்லாதவள். அவள் மகள் தேவகிருபை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. முப்பத்தெட்டு வயசில் ஐயாதுரைக்குச் சிலேட்டு பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். 'டா'வையும் 'டு'வையும் அவன் மாற்றி மாற்றிச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பாள். "மாமா, டாவுக்குக் கால் உண்டு. டுவுக்கு அடியில வளைவு. காலப் பாருங்க மொதல்ல."

பிறகு அவள் அம்மா பேச்சைத் தட்டிக் கல்யாணம் முடித்துக்கொண்டு சோழபுரம் போய்விட்டாள். தாயும் மகளும் ஒரு வருஷம் பேசவில்லை.

பங்குனியில் ஒரு தபால் கார்டு வந்தது. லைனில் எழுத்து தெரிந்தவன் ஐயாதுரை ஒருத்தன்தான். அவனுக்கு வாத்தியார் என்றே பேர் வைத்திருந்தார்கள். ஏசம்மாள் கார்டைக் கொண்டுவந்து நீட்டியதும் இருபது பேர் கூடிவிட்டார்கள். மாமா வாசிக்கட்டும் என்று தேவகிருபை எழுத்தைப் பெரிசு பெரிசாகப் போட்டிருந்தாள். அதனாலேயே இடம் பற்றாமல் கடைசி வரி மூலையில் நெருங்கிக் கிடந்தது.

'எனக்கு மாசம் நெருங்கிவிட்டது. அவர் ஊரில் இல்லை. நீ வர வேண்' வரைக்கும் வந்துவிட்டான். அங்கே முட்டிக்கொண்டது.

லைன்காரன் சோலைராஜ் பின்னாலிருந்து, வாத்தியாரே, வண்டி மேட்டுல நின்னுட்டோ என்றான். சிரிப்பு. ஐயாதுரைக்கு முகம் சுட்டது. தாயும் மகளும் பேச்சு முறிந்தவர்கள். அப்படிப்பட்ட ரோஷக்காரி வேறென்ன எழுதியிருப்பாள்?

"நீ வர வேண்டாம்" என்று வாசித்தான்.

ஏசம்மாள் கார்டை மடியில் சொருகிக்கொண்டு போய்விட்டாள். ஒன்பதாம் நாள் சேதி வந்தது. மூணு நாள் வலி கண்டு, பக்கத்தில் ஆளில்லாமல், தாயும் பிள்ளையுமாய்ப் போய்விட்டார்கள். துக்க வீட்டில் யாரும் பார்க்காதபோது அந்தக் கார்டை எடுத்துப் பார்த்தான்.

கால் இல்லை. அடியில் வளைவு.

அருளப்பன் பேனாவை எடுத்தார். ஒரு காகிதத்தில் என்னமோ எழுதி நீட்டினார். "வாசியும் பாப்போம்."

"ராஜபாளையம்" என்றான் ஐயாதுரை.

பின்னால் மூச்சு கேட்டது.

*ளை இல்ல, மாமா.*

"ளை இல்லைங்கிறா" என்று வாய்தவறிச் சொன்னான்.

அருளப்பன் காகிதத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். ராஜபாயம் என்றுதான் எழுதியிருந்தார். கண் எழுத்தைப் பார்த்தாலும், மனசு தனக்குத் தெரிந்ததைத்தான் வாசிக்கும். அன்றைக்குக் கார்டில் நடந்ததும் அதுதான், படித்தவனுக்கும் இப்படி ஆகும் என்று எடுத்துச் சொல்லத்தான் அந்தக் காகிதம். இவன் மனசு கவனிக்காத ஓட்டையை இவன் காதில் யார் சொன்னது?

"அதுவும் மனசு செய்யுற வேலதான்" என்றார். ஆனால் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே சொன்னார். "முழுங்கினதக் கக்கிரும். அந்த அம்மாட்டப் போய் உள்ளதச் சொல்லும். இது நிக்கும்."

சாயங்காலத்துக்குள் ஊர் வந்துவிட்டான். ஏசம்மாள் பருத்திக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா, அந்தக் கார்டு, என்று ஆரம்பித்தான்.

அவளே எழுந்து பைபிளுக்குள்ளிருந்து கார்டை எடுத்து வந்தாள்.

"இன்னொரு தரம் வாசி தம்பி. வர வேண்டாம்னு அவ வாயாலயே சொல்லிட்டாள்லா. அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் உசுரோட இருக்கேன். கூப்பிட்டும் போகாத பாவியா இருந்தா, அன்னைக்கே கெணத்துல விழுந்திருப்பேன்."

அவள் கண் அவன் வாயையே பார்த்தது. இப்போது அவனுக்கு எழுத்து தண்ணீர்பட்ட பாடு. வளைவு நன்றாகத் தெரிந்தது.

"நீ வர வேண்டாம்" என்று வாசித்தான்.

பின்னால் சத்தமில்லை.

மூச்சுகூட இல்லை.

அன்றோடு அவனுக்கு அது நின்றுவிட்டது. கடைப் பலகையை வாசித்தான், பாக்டரி நோட்டீஸை வாசித்தான், ஒரு குரலும் இல்லை. அக்காவின் உயிரைக் காக்கத்தான் சொன்னேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். ஆனால் லைனில் யாராவது வாத்தியாரே என்றால் குனிந்துகொண்டுதான் போனான். முதல் தரம் தெரியாமல் செய்தது. இரண்டாம் தரம் தெரிந்தே செய்தது. அவளைக் காத்தானா, தன் முகத்தைக் காத்தானா என்று அவனுக்கே பிடிபடவில்லை.

எட்டு நாள் போனது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் வேலை விட்டு வந்தவனை வழியிலேயே அந்த வாடை மறித்தது. சுக்கு, ஓமம், பச்சை ரத்தம்.

ஏசம்மாள் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

கதவு திறந்திருந்தது. பாயில் உட்கார்ந்திருந்தாள் அவள். ஒரு எழுத்தும் அறியாதவள், கார்டைச் சரியாகப் பிடித்து, விரலை வைத்து, பிள்ளை மாதிரி இழுத்து இழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ... வ... ர... வே... ண்..."

"அக்கா, யாரு சொல்லிக் குடுத்தா?" என்றான்.

அவள் நிமிர்ந்து சிரித்தாள். நாலு மாசத்தில் முதல் சிரிப்பு.

"தேவகிருபைதான். எட்டு நாளா மத்தியானம் வந்து உக்காருதா. நீயும் வா தம்பி. இன்னும் ஒரே எழுத்துதான் பாக்கியாம். காலு இருக்கான்னு மொதல்ல பாக்கணுமாம்."

அவளுக்குப் பக்கத்தில் பாய் ஆள் உட்கார்ந்த மாதிரி அமுங்கியிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் மெள்ள நகர்ந்து, ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டது.