கருப்பு ஐரிஸின் ஒன்றுவிட்ட தங்கை

கராக் மலைச் சரிவில் பனி இன்னும் படுத்திருந்த வசந்த காலைப் பொழுதில், ஆடு மேய்க்கும் வத்ஹா துரய்யாவின் வீட்டுக்கு வந்தாள். கொடுத்த காபியைக் குடிக்காமல் தரையில் வைத்தாள். அந்த ஊர் வழக்கப்படி, கேட்க வந்தது கிடைக்கும்வரை விருந்தாளி குடிப்பதில்லை.

"குடி வத்ஹா, வரேன்" என்றாள் துரய்யா. செடிகளை உலர்த்தி, இனம் பிரித்துப் பெயரிடுவது அவள் வேலை.

முந்தைய நாள் யாரோ சரிவில் போட்டிருந்த காப்பு வேலிக்குள் புகுந்து கருப்பு ஐரிஸ் பூச்செடிகளைக் கிழங்கோடு தோண்டிப் போயிருந்தார்கள். வத்ஹாதான் என்று செடி வியாபாரி ஸுஹைல் சாட்சி சொல்லிவிட்டான். பழி நிலைத்தால் பள்ளத்தாக்கில் அவள் ஆடுகளுக்கு இடமில்லை, விற்க வேண்டியதுதான்.

சரிவில் புல்லும், இரவின் துண்டுகள்போல் மிஞ்சிய சில கருப்புப் பூக்களும்தான் இருந்தன. துரய்யாவின் வண்டியோட்டி நாயிஃப் பரபரப்பாக ஒரு செருப்புத் தடத்தைக் காட்டினான்.

"அது உன் செருப்புதான்" என்றாள் துரய்யா.

ஸுஹைலும் வந்து சேர்ந்தான். "நேத்துக் காலைல என் கண்ணால பார்த்தேன். சுத்தி நீலப் பூவா விரிஞ்சு கெடக்கு, நடுவுல இவ உக்காந்து தோண்டுறா."

காலையில் இங்கே தனியாக மேய்த்தது உண்மை என்றாள் வத்ஹா. நண்பகலிலிருந்து அவள் கல்யாணக் கூடாரத்தில் பாடிக்கொண்டிருந்ததை உறவு மொத்தமும் பார்த்திருக்கிறது.

துரய்யா எல்லோரையும் உட்காரச் சொன்னாள். ஆட்டு மணிகள் எங்கோ கேட்டன. நாயிஃபுக்குக் கண் சொக்கியது. நிழல் கிழக்கே சாயத் தொடங்கியபோது, கண்ணுகளா, புல்லுக்குள்ளிருந்து சின்னச் சின்ன நீலப் பூக்கள் சத்தமில்லாமல் விரிந்தன, வானம் கசிந்ததுபோல.

"ரெண்டும் ஐரிஸ் குடும்பம்தான்" என்றாள் துரய்யா. "பேரினம் வேற, ஒன்றுவிட்ட அக்கா தங்கச்சின்னு வெச்சுக்கோங்க. கருப்பு அக்கா அரிது, அழியற நிலைமை, அதான் வேலி. தங்கச்சி ரோட்டோரமெல்லாம் கெடக்கும், யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. அக்கா நாள் கணக்கா விரிஞ்சே நிப்பா. இவ மத்தியானத்துக்கு மேலதான் கண் திறப்பா, பொழுது சாய்ஞ்சா மூடிக்குவா. காலைல விரிஞ்ச நீலத்தை நீ பார்த்திருக்க முடியாது ஸுஹைல். மத்தியானம் பார்த்திருக்கலாம். அப்போ வத்ஹா கல்யாணத்துல இருந்தா. தோண்டுறப்ப உன்னைச் சுத்தி இருந்ததைத்தான் அப்படியே சொல்லிட்டே."

ஸுஹைல் தன் வண்டியைப் பார்த்தான். நாயிஃப் ஓடிப்போய் ஈரச் சாக்கை விலக்கினான். கிழங்குகள் மண்ணோடு கிடந்தன.

அவற்றைத் திரும்ப நட்டார்கள். எல்லாம் பிழைக்கும் என்று துரய்யா வாக்குக் கொடுக்கவில்லை.

வத்ஹா சீழ்க்கையடித்து ஆடுகளைப் பள்ளத்தாக்குக்கு இறக்கினாள், நீலப் பூக்களைச் சுற்றி. ஊரெல்லாம் கிடக்கிற பூவுக்கு இவ்வளவு மரியாதையா என்று நாயிஃப் சீண்டினான்.

"எனக்காகச் சாட்சி சொன்னதை எப்படி மிதிக்கிறது? நீ சொல்லியிருந்தா உன்னையும் சுத்தித்தான் போயிருப்பேன்" என்றாள் வத்ஹா.