ஊசியில்லாத வீடு

'மஞ்சள் துணி முடிச்சைப் பற்றி மட்டும் இந்தம்மா கேட்டுவிடக் கூடாது. வேறு எதைக் கேட்டாலும் சொல்லிவிடலாம்.'

அய்யம்மாள் சோபாவின் நுனியில் உட்கார்ந்து முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பக்கத்தில் அவள் கணவர் மொக்கச்சாமி பேசிக்கொண்டிருந்தார். எதிரே ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் பொற்கொடி, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு ஏலக்காயில் வெடித்ததைத் தனியே பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். போடியில் ஸ்டேஷன் படி ஏறக் கூச்சப்படுகிறவர்கள் வந்து நிற்கும் வீடு அது.

"மருமக வித்யா ஆஸ்பத்திரியில கெடக்கா, இன்ஸ்பெக்டரம்மா. உசுருக்குப் பயமில்லைன்னுட்டாங்க. அம்மை போட்டிருந்துச்சு. வெறும் பானகந்தான் குடிச்சா. மொதத் தண்ணி ஊத்துறதுக்குள்ள மயங்கி விழுந்துட்டா. தேனிக்குத் தூக்கிட்டு ஓடினா, சர்க்கரை ஐநூத்துக்கு மேலங்கிறாங்க. கல்யாணமாகி ஒரு வருசம் ஆகலை. சின்னஞ்சிறுசுக்குச் சர்க்கரையாம்!"

"சரி."

"அவ ஆத்தா, தேவாரம் ஊருக்காரி சுருளியம்மா என்ன சொல்லுது தெரியுமா? 'எங்க வீட்டுல கல்லு மாதிரி இருந்தா. உங்க வீட்டுல வந்த அம்மைதான் சர்க்கரையைக் கொண்டாந்துருச்சு'ங்குது. டாக்டரைக் கேட்டா, 'வைரஸ் காய்ச்சலுக்கப்புறம் புதுசா சர்க்கரை வர்றதும் உண்டு, முன்னாடியே இருக்கிறது காய்ச்சல்ல எகிறுறதும் உண்டு. இது எதுன்னு அந்தப் பொண்ணு சம்மதிச்சாத்தான் சொல்லுவேன்'னுட்டாரு. அவளோ வாயைத் தொறக்க மாட்டேங்குறா."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"முன்னாடியே இருந்துச்சா, இல்லையா. அது ஒண்ணுதான். ஞாயித்துக்கெழமை ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் உக்காருறோம். மறைச்சுக் கட்டிவெச்சிருந்தா, அங்கனயே கல்யாணத்தைத் தீத்து விட்டுருவேன்."

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற அருள்பாண்டிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்காரன். சவாரி இல்லாத பொழுதெல்லாம் பொற்கொடிக்கு உதவியாள், சம்பளம் இல்லாமல். "அக்கா, எனக்குப் பானகத்து மேலதான் சந்தேகம். வெல்லத்துல யாரோ கை வெச்சிருக்காங்க."

"போன தடவை நீ சந்தேகப்பட்டது ஒரு ஆட்டுக்குட்டியை, அருளு."

"அந்த ஆடு முழிச்ச முழி அப்படிக்கா!"

பொற்கொடி சிரிக்கவில்லை. அய்யம்மாளின் பக்கம் திரும்பினார். "அம்மை போட்ட ரூமுக்குள்ள யாரு யாரு போய் வந்தது?"

"நான் மட்டுந்தான்," என்றாள் அய்யம்மாள். "ஒருத்தர்தான் போகணும், குளிச்சுட்டு ஈரச்சேலையோட. மகன் இனியவனைக்கூட நான் விடலை." சொல்லும்போது குரலில் ஒரு பெருமை ஏறியது. சொல்லி முடித்ததும் முந்தானையை மறுபடி இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அய்யம்மாளின் வீடு, போடிமெட்டுச் சாலையிலிருந்து பிரிந்து ஏறும் சரிவில், ஏலக்காட்டை ஒட்டி இருந்தது. காய் பறிப்பு நேரத்தில் குடும்பமே மேலேதான் இருக்கும். பின்னால் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் புகைக்கூண்டு. இறங்கும்போது ஜீப்பின் கதவில் மாட்டிப் பொற்கொடியின் சேலைத் தோள்பக்கம் பிரிந்துகொண்டது.

"ஒரு ஊக்கு குடுங்க, அய்யம்மா."

அய்யம்மாள் தடுமாறினாள். "ஊக்கு... வீட்டுல இல்லைங்க."

"ஒண்ணுகூடவா?"

"இல்லை."

பொற்கொடி தலையசைத்துவிட்டு, தோளைக் கையால் பிடித்துக்கொண்டே உள்ளே நடந்தார். கூடத்தில் தையல் மெஷின் மூடாமல் கிடந்தது. அதன் அருகே சற்று நின்றார். ஜன்னல் திரையின் ஓரத்தை யாரோ நூலால் கட்டியிருந்தார்கள். அதையும் தொட்டுப் பார்த்தார். அருள்பாண்டி மட்டும் சமையற்கட்டுக்கு ஓடி வெல்ல டப்பாவை மோந்து பார்த்து, நுனி விரலால் நக்கியும் பார்த்துவிட்டு, சாகாமல் திரும்பி வந்ததில் சற்று ஏமாந்தவன் போல நின்றான்.

வித்யாவின் அறையில் வேப்பிலை காய்ந்து சுருண்டிருந்தது. பாயை இன்னும் எடுக்கவில்லை. வெளிச்சமே படாத மூலையில், கட்டிலுக்குப் பின்னால், சின்ன மண்பானை ஒன்று, வாய்வரை மணல்.

"இதுல என்ன போட்டிருக்கு?"

"கொத்தமல்லி வெதச்சிருக்கேன்னு சொன்னா. தெனமும் தண்ணி தெளிப்பா. மொளைக்கவே இல்லை."

"இம்புட்டுக் காடு வெளிய கெடக்கு, இருட்டு மூலையில போயி கொத்தமல்லியா!" என்றான் அருள்பாண்டி. பிறகு தான் சொன்னதைத் தானே யோசிக்கிறவன் போல வாயை மூடிக்கொண்டான்.

பொற்கொடி பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். "மயங்கி விழுற வரைக்கும் எப்பிடி இருந்தா? ஒங்க கண்ணுல பட்டதைச் சொல்லுங்க."

அய்யம்மாள் சொன்னாள். தாகம், தாகம் என்றாள் பிள்ளை. இவள் பானகம் கரைத்துக் கொடுத்தாள். மடமடவென்று குடித்துவிட்டு, "அத்தை, இன்னொரு தம்ளர்" என்று கேட்டாள். வந்ததிலிருந்து எதையும் வாய்விட்டுக் கேட்காத பெண் கேட்கிறாளே என்று அய்யம்மாளுக்கு உள்ளுக்குள் பூரிப்பு. வெல்லத்தை ஒரு கை கூடவே போட்டாள். எத்தனை முறை எழுந்து கொல்லைக்குப் போனாள்! இரண்டாம் நாள் பக்கத்தில் குனிந்தபோது பிள்ளையின் மூச்சில் கனிந்து அழுகப்போகும் பழத்தின் வாசம். அம்மனுக்குப் படைத்த வாழைப்பழத்தின் மணம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சொல்லாத ஒன்றும் இருந்தது. முதல் நாள் மாலை, காய்ச்சலோடு எழுந்து, வித்யா தன் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். மறுபடி துழாவினாள். பிறகு மெல்லத் திரும்பி அய்யம்மாளைப் பார்த்தாள். அய்யம்மாளும் பார்த்தாள். அவள் கேட்டிருக்கலாம். இவள் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பார்வையை அய்யம்மாள் அன்றிலிருந்து சுமந்துகொண்டிருக்கிறாள்.

"சாயங்காலம் எல்லாரும் இங்க இருக்கட்டும்," என்று எழுந்தார் பொற்கொடி. "தேவாரத்துக்கும் சொல்லிவிடுங்க."

சாயங்காலம் கூடத்தில் கூடினார்கள். மொக்கச்சாமி நாற்காலியில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த இனியவன் சவரம் செய்யாத முகத்தோடு சுவரோரம். சுருளியம்மாள் வந்ததும் வராததுமாக, "எங்க அக்கா பேரனுக்கும் இப்படித்தாண்ணே, காய்ச்சல் வந்துட்டுப் போன பெறகு சர்க்கரை வந்துச்சு" என்று ஆரம்பித்தாள். அய்யம்மாள் சமையற்கட்டு வாசலில் நின்றாள்.

"அருளு, அந்தப் பானையைக் கொண்டா," என்றார் பொற்கொடி.

பானையைக் கூடத்தின் நடுவே வைத்தான். மணலைக் கையால் விலக்கினான். அடியில் இறுக்கி மூடிய சின்ன டப்பா. திறந்தால் விரல் நீளத்தில் கண்ணாடிக் குப்பிகள்.

"இன்சுலின்," என்றார் பொற்கொடி. "எனக்கும் சர்க்கரைதான், பாத்ததும் தெரியும். இது சூடு தாங்காது. ஃப்ரிட்ஜுல வெச்சா எல்லாரு கண்ணுலயும் படும். அதனால ஈரமணலு. வெளிச்சம் படாத மூலை, தெனமும் தண்ணி, மொளைக்காத கொத்தமல்லி. நேத்து வந்த சர்க்கரைக்கு யாரும் மாசக்கணக்கா மருந்து பொதைச்சு வைக்க மாட்டாங்க. சுருளியம்மா, எப்ப இருந்து?"

சுருளியம்மாள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். உள்ளிருந்துதான் குரல் வந்தது. "பன்னெண்டு வயசுல. பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. எறங்கின கொஞ்ச நாள்ல பிள்ளை ஈர்க்குச்சியாப் போனா. அந்தக் கிருமிகூட இதைக் கெளப்பிவிட்டிருக்கலாம்னாரு டாக்டரு, உறுதியாச் சொல்ல முடியாதுன்னாரு. வந்து கேட்ட ரெண்டு எடத்துலயும் சொன்னேண்ணே. சொன்ன வாக்குலயே எந்திரிச்சுப் போயிட்டாங்க. மூணாவதா நீங்க வந்தீங்க. ஒங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை."

"கேட்டியாடா?" மொக்கச்சாமி மகனைப் பார்த்துத் தொடையைத் தட்டினார். "நான் சொன்னேன்ல! அம்புட்டுத்தான் சோலி. முடிஞ்சுச்சு."

"நீங்க கேட்டது முடிஞ்சுச்சு," என்றார் பொற்கொடி. "எனக்கு ஒரு கேள்வி பாக்கி. பன்னெண்டு வயசுலருந்து ஊசி போட்டுப் பழகின பொண்ணு. கல்யாண அலைச்சல்ல விழலை, பஸ்சுல பொங்கலுக்குத் தேவாரம் போனப்ப விழலை. மருந்து கையெட்டுற தூரத்துல. ஏன் விழுந்தா?"

"அம்மைதானக்கா," என்றான் அருள்பாண்டி.

"பாதி அதுதான். எனக்குக் கொரோனா வந்தப்ப வெறும் கஞ்சித்தண்ணிதான் எறங்குச்சு. அப்பயும் சர்க்கரை முந்நூறத் தாண்டுச்சு. கிருமியோட மல்லுக்கட்ட ஒடம்பு தானா சர்க்கரையை அவுத்து விடும். இன்சுலின் சொல்லுறதையும் காதுல வாங்காது. காய்ச்சல்ல மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கும். நிறுத்தினா ரெண்டே நாள்ல ரத்தம் புளிச்சுப்போகும். அந்தப் பழவாசம் அதுதான். இது வித்யாவுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் ஏன் போடலை?" பொற்கொடி ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்தார். "இது ரீஃபில். பேனா மாதிரி ஒரு கருவி இருக்கும், அதுக்குள்ள போட்டாத்தான் குத்த முடியும். ரூம் பூராத் தேடிட்டேன். பேனா இல்லை. ரீஃபிலைப் பொத்திப் பொத்தி வைக்கிறவ பேனாவைத் தொலைக்க மாட்டா. வேற யாரோ எடுத்திருக்காங்க."

பின்னால் ஸ்டோரில் யாரோ விறகு போடும் ஓசை கேட்டது.

"காலையில ஒரு ஊக்கு கேட்டேன். இம்புட்டுப் பெரிய வீட்டுல ஒண்ணு இல்லை. திரையில நூலு. தையல் மெஷின்ல ஊசி இல்லை. ஒடஞ்சும் போகலை, திருகாணியைக் கழட்டிப் பதமா எடுத்திருக்காங்க. ஆத்தா வந்திருக்கிற வீட்டுல ஊசிமுனை ஆகாதுன்னு ஒவ்வொண்ணாத் தேடி எடுத்த கை அது. அவ்வளவு பக்தியாத் தேடின கை, வித்யா ரூமுல இருந்த ஊசியை மட்டும் விட்டிருக்காது." அவர் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினார். "தண்ணி ஊத்தி முடிக்கலை. அதனால இன்னும் எதுவும் திரும்பி வரலை."

கேட்காமலே விட்டிருந்தால் அய்யம்மாள் கல்லாக நின்றிருப்பாள். முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பாள். தரையைப் பார்த்துப் பேசியதுதான் அவளை உடைத்தது. பின்கதவைத் திறந்து ஸ்டோருக்குப் போனாள். சாக்குகளுக்குப் பின்னால் மாடத்தில் கையை விட்டாள். மஞ்சள் துணி முடிச்சைக் கொண்டுவந்து பானையின் பக்கத்தில் வைத்து அவிழ்த்தாள். ஊக்குகள், மெஷின் ஊசி, பூக் கட்டும் ஊசி, கோணி ஊசி. அவற்றின் நடுவே நீல நிறத்தில் ஒரு பேனா.

"முனையைத் தொறந்து பாத்தேன், ஊசியா இருந்துச்சு," என்றாள். "போதை ஊசின்னு நெனச்சேன். டவுனுக்குள்ள பயலுக போடுறாங்கன்னு பேசிக்கிறாங்கள்ல. நம்ம வீட்டுலயான்னு கூசிப்போச்சு. யாருகிட்டச் சொல்றது? ஆத்தா போகட்டும், பெறகு கேட்டுக்கிறலாம்னு முடிஞ்சு வெச்சேன். அவ தேடினா. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." பேனாவை மட்டும் தனியே எடுத்து வைத்தாள். "ஆஸ்பத்திரியில சர்க்கரைன்னு சொன்ன நிமிசமே எனக்குத் தெரியும். அப்பயும் சொல்லலை."

இனியவன் அம்மாவைப் பார்த்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சுருளியம்மாள் முந்தானையை இறக்கியிருந்தாள். சம்மந்திகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தன் முகத்தையே எதிரில் பார்ப்பதுபோல் இருந்தது அய்யம்மாளுக்கு. அவள் சொன்னால் பிள்ளைக்கு வாழ்வில்லை என்று மறைத்தாள். இவள் சொன்னால் வீட்டுக்கு மானமில்லை என்று மறைத்தாள். நடுவில் கிடந்து தாகத்தில் தவித்தது ஒரு பெண்.

மொக்கச்சாமிதான் முதலில் செருமினார். எழுந்து வந்து, குரலைத் தாழ்த்தி, மனைவியிடம் பேசினார். "சரி, விடு. தெரியாமச் செஞ்சது. இது இந்த நாலு செவுத்தோட இருக்கட்டும். ஞாயித்துக்கெழமை ரீஃபிலை மட்டும் எடுத்துட்டுப் போவோம். மறைச்சாங்கன்னு அது ஒண்ணே போதும். பேனாவைப் பத்தி சம்மந்தியம்மாவே கெளப்பினாலும், 'நான் பாக்கலை'ன்னு சொல்லிரு. இன்ஸ்பெக்டரம்மா வெளிய விட மாட்டாங்க."

"நான் கேட்டுச் சொல்ல வந்தவ. சொல்லிட்டேன்," என்றார் பொற்கொடி. முடிச்சிலிருந்து ஒரு ஊக்கை எடுத்துத் தன் தோளில் குத்திக்கொண்டார். "வாடா, அருளு."

அருள்பாண்டி ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தான்.

அய்யம்மாள் குனிந்து டப்பாவை எடுத்தாள். ஈரமணலைத் துடைத்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து, நடுத்தட்டில் பால் பாத்திரத்தை ஒதுக்கி, கண்ணுக்கு நேராகத் தெரியும்படி அதை வைத்தாள். பேனாவை இனியவனின் கையில் கொடுத்தாள். "வெரசாப் போ, அப்பு. அவகிட்டக் குடு. அத்தைதான் எடுத்து வெச்சிருந்தான்னு சொல்லு."

"இந்தா, ஒன்னையத்தான் கேக்குறேன்," என்றார் மொக்கச்சாமி. "ஞாயித்துக்கெழமை 'பாக்கலை'ன்னு சொல்லுவேல்ல?"

அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஊசியை அதன் இடத்தில் பொருத்தித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"சொல்ல மாட்டேன்," என்றாள்.